தேர்வு அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம்தான் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. உடம்புக்கு முடியாதவரால் பேனாவை இவ்வளவு அழுத்த முடியாது.

அதிகாரியிடம் மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் வேலை போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன். தப்பு என்னுடையதல்ல, பயிற்சி முறையுடையது. நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன், எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். இந்த வேலைக்கு அரபி பேசத் தெரிய வேண்டும் என்றதால் அரபி வகுப்பில் சேர்ந்து, மூன்று மாதம் தொண்டையின் படத்தைச் சுவரில் ஒட்டி, நாக்கு எங்கே, உள்நாக்கு எங்கே என்று கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பயிற்சி செய்தேன். அடித்தொண்டையிலிருந்து சொல்ல வேண்டிய ஓர் எழுத்து மட்டும் வரவேயில்லை. வாத்தியார், "படத்தைக் கிழிச்சுப் போடுப்பா, நாடகம் போடலாம்" என்றார். எனக்கு வீட்டுச் சொந்தக்காரன் வேஷம், கூடப் படிக்கும் நர்ஸுக்கு வாடகைக்குக் குடியிருப்பவள் வேஷம், தண்ணீர்த் தொட்டியை யார் கழுவுவது என்று சண்டை. முதல் நாள் நான் ஒப்பித்ததைக் கேட்டுவிட்டு அவள், "என்னண்ணா, வீட்டைக் காலி பண்ணச் சொல்றீங்களா, இல்ல வழி கேக்குறீங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம், அடுத்த வரியில் அந்த எழுத்து அடித்தொண்டையிலிருந்து கிளம்பி ஜன்னல் கண்ணாடி வரை போனது. அப்புறம் ஆறு வாரம் அதே வேஷம், அதே கோபம், அதே தொட்டி. ஆக, என் வாயில் அரபி சுத்தமாக வர வேண்டுமானால் நான் யாரையாவது வீட்டை விட்டுத் துரத்தியாக வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் அதிகாரி சாந்தமாகப் பெயர் கேட்டார். மேஜையைத் தட்டிச் சொன்னேன். எத்தனை வருட அனுபவம் என்றார். எழுந்து நின்று, விரலை நீட்டி, ஏழு என்றேன். அவர் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. உச்சரிப்புக்கு முழு மதிப்பெண் போட்டார், நடத்தைக்கு எதிரே கோடு போட்டார். உச்சரிப்புத் தேர்வில் நடத்தைக்கு என்ன வேலை மாமா? "உங்க பேரைச் சொல்லித்தானே போனான், இப்ப மூஞ்சியை எங்க வெச்சுக்குவீங்க" என்று அத்தை புலம்புகிறார்களாம். உங்கள் பேரையும் நான் சுத்தமாகத்தான் உச்சரித்தேன் என்று சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், வளைந்து கொடுக்க மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் ஆசி எனக்கு வேண்டும். அறிவுரை கைவசம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாத்தியார் வந்து என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அரபியில் கேட்டேன், எந்தக் குரலில் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பாதியிலேயே அதிகாரி என்னிடம் மன்னிப்புக் கேட்டு, வேலை உத்தரவில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன்.