இரண்டாவது பொன்னாடை

ஒரு காட்டில் கீரிகளும் பாம்புகளும் ஒற்றுமையாக வாழ்ந்து வந்தன. சிரிக்க வேண்டாம், மேலே கேளுங்கள்.

அதற்கு முன்னால் அவர்கள் போட்ட சண்டை சாமானியச் சண்டை அல்ல. எந்த மழைக்காலத்தில் தொடங்கியது என்று ஆமைக்கே நினைவில்லை. அமாவாசைப் போர், ஆற்றங்கரைப் போர், புற்றெரிப் படலம் என்று குயில்கள் அதை மூச்சுவிடாமல் பாடின; அதிலேயே பிழைப்பும் நடத்தின. கடைசிப் போரில் இரண்டு பக்கமும் கடிக்கப் பல்லும் இல்லை, கடிபட ஆளும் இல்லை என்றான பிறகுதான் சமாதானம் பிறந்தது. பாம்புகளின் மகாராணி மாணிக்கநாச்சியும் கீரிகளின் அரசர் மல்லாண்டாரும் நாகமாணிக்கத்தின் மேல் சத்தியம் செய்தார்கள். அது மந்திரக் கல். செய்த சத்தியம் உண்மையாக இருக்கும்வரை ஒளி வீசும். மனசுக்குள் கள்ளம் புகுந்தால் அந்த நிமிஷமே அணைந்துவிடும்.

கல் எரிந்தது. வருஷக்கணக்கில் எரிந்துகொண்டே இருந்தது. காட்டில் கல்யாணம் என்றால், "கீரியும் பாம்பும் மாதிரி நல்லா இருங்க" என்று பெரியவர்கள் அட்சதை போட ஆரம்பித்தார்கள்.

இந்தச் சமாதானத்தால் அதிகம் பெருமைப்பட்டவர்கள் தவளைகள். ஒப்பந்தப்படி மாதம் ஒரு தவளை சமாதானத் தூதராகத் தேர்ந்தெடுக்கப்படும். தோளில் பச்சைப் பட்டை போட்டு, மேளதாளத்தோடு அரண்மனைக்கு அனுப்பிவைப்பார்கள். போன தூதர் எவரும் திரும்பி வந்ததில்லை. அவ்வளவு பெரிய பதவியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஆனால் மறுநாளே வீட்டுக்குச் செய்தி வந்துவிடும்: "நலம். வேலை அதிகம். உணவு பிரமாதம்."

உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தவளைகளுக்குப் புரியவில்லை. தூதர் தேர்வு மையத்தில் விடியற்காலையிலேயே வரிசை கட்டி நின்றார்கள். டோக்கன் வாங்கினார்கள், நன்னடத்தைச் சான்றிதழுக்கு அலைந்தார்கள், தெரிந்தவர் மூலம் சிபாரிசு பிடித்தார்கள். விண்ணப்பத்தில் தொடைச் சுற்றளவு என்று ஒரு கட்டம் இருந்தது. பெரிய இடத்து வேலைக்கு நல்ல உடற்கட்டு கேட்பது நியாயம்தானே என்று பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கொசு ஊட்டினார்கள்.

தாமரைக் குளத்தில் பொய்கையம்மாள் என்று ஒரு தவளை இருந்தாள். காட்டிலேயே எடுப்பான குரல் அவளுக்குத்தான். அதனால் வருஷா வருஷம் சமாதானப் பெருவிழாவில் மைக் பிடித்து நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவது அவள் பொறுப்பு. "கீரி குலத்தின் கோமேதகமே, நாக குலத்தின் நல்முத்தே" என்று அவள் ஆரம்பித்தால் கைதட்டு அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். அவளுக்கு ஒரே மகள், ஆம்பல். இந்த வருஷம் பெருவிழாவன்று அனுப்பப்போகும் தூதராக ஆம்பல் தேர்வாகியிருந்தாள்.

குளமே வந்து வாழ்த்தியது. பொய்கையம்மாளும் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாள். எல்லாரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்தாள். அவள் பயம் வேறு. இந்தச் சமாதானம் உண்மையானதா? ஒருவேளை நாடகமாக இருந்து, திடீரென்று சண்டை மூண்டுவிட்டால், நடுவில் மாட்டிக்கொண்ட என் பெண் என்ன ஆவாள்? பாவம், பயப்படுவதையும் தப்பான திசையிலேயே பயந்தாள்.

நல்ல வேளையாக அதே தலைப்பில் அந்த வாரம் பட்டிமன்றம் நடந்தது. 'கீரி பாம்பு சமாதானம் உண்மையா? நாடகமா?' நடுவர் புலவர் வெண்கொக்கனார். நாடக அணியில் பேசிய ஓணான், "அந்த மாணிக்கக் கல்லே டூப்ளிகேட்! உள்ளே பேட்டரி போட்ட பல்பு!" என்று முழங்கியது. உண்மை அணியில் பேசிய அணில், "பல்பாக இருந்தால் இத்தனை வருஷம் ஃபியூஸ் போகாமல் இருக்குமா?" என்று மடக்கியது. வெண்கொக்கனார் ஒற்றைக் காலில் நின்றபடி தீர்ப்பு சொன்னார்: "ஒரு கண்ணால் பார்த்தால் உண்மை. மறு கண்ணால் பார்த்தால் நாடகம். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டால் நிம்மதி!" கூட்டம் கலையும்வரை கைதட்டியது.

பொய்கையம்மாள் மேடைக்குப் பின்னால் போய் அவரைப் பிடித்தாள்.

"ஐயா, எனக்கு முடிவாச் சொல்லுங்க. பொண்ணை அனுப்பலாமா?"

வெண்கொக்கனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு உங்க வாகுதானாம்மா?"

"என்னைவிடக் கொஞ்சம் பூசினாப்ல இருப்பா, ஐயா."

"அப்ப தாராளமா அனுப்புங்க. போற வழியில நம்ம கரைப்பக்கம் கூட்டிட்டு வாங்க, ஆசீர்வாதம் பண்ணி விடறேன்."

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று, விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், நிகழ்ச்சி நிரலைக் காட்டும் சாக்கில் மல்லாண்டாரின் வளைக்குப் போனாள். வாசலில் காவல் இல்லை. உள்ளே இருந்து பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

மல்லாண்டார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலை வைத்துச் சுருண்டு படுத்திருந்தாள் மாணிக்கநாச்சி. நடுவில் நாகமாணிக்கம் கண் கூசும்படி எரிந்துகொண்டிருந்தது. பல்பாவது, பேட்டரியாவது!

"எங்க பாட்டி உங்க தாத்தாவைக் கடிச்சது தப்புதான் தம்பி. இப்ப நினைச்சாலும் மனசு கேக்க மாட்டேங்குது," என்றாள் மகாராணி. அவள் கண்ணில் நிஜமாகவே நீர்.

"விடுங்கக்கா. எங்க ஆளுங்க மட்டும் யோக்கியமா? உங்க புத்தையே கொளுத்தினோமே," என்றார் மல்லாண்டார். அவள் கண்ணைத் தன் வாலால் துடைத்துவிட்டார்.

பொய்கையம்மாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. ஆகா, உண்மைதான்! தாய் பிள்ளைபோல அல்லவா இருக்கிறார்கள்! ஊர் வாயில் மண் விழ. மகளைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம்.

"நாளைக்கு வர்ற தூதர் எப்படி தம்பி?"

"நல்ல குளத்துத் தவளையாம் அக்கா. தொடை ரெண்டும் திரட்சியா இருக்காம். நீங்களே ரெண்டையும் எடுத்துக்கங்க."

"அதெப்படி? உங்களுக்கு வைக்காம எனக்கு இறங்குமா? ஆளுக்கு ஒண்ணு. அதுதானே ஒப்பந்தம்."

"போன மாசத்துப் பையன் வீட்டுக்கு மெசேஜ் போட்டாச்சாக்கா?"

மாணிக்கநாச்சி பக்கத்தில் சார்ஜில் கிடந்த கைபேசியை வால் நுனியால் தட்டிக் காட்டினாள். "மறுநாளே போட்டாச்சு. உணவு பிரமாதம்னு போட்டேன். பொய் சொல்லக் கூடாதில்ல, கல்லு அணைஞ்சிரும்."

மூலையில் பச்சைப் பட்டைகள் மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சிலதின் மேல் பெயர்கூட அழியவில்லை. பொய்கையம்மாள் அந்தப் பெயர்களை எல்லாம் மைக்கில் வாசித்தவள். அவளே பெற்று அவளே அனுப்பியதுபோல இருந்தது. பின்வாங்கியபோது கால் தடுக்கி ஒரு கூழாங்கல் உருண்டது.

"யாரது? அட, பொய்கையம்மாளா! வாங்கம்மா," என்றார் மல்லாண்டார், வாயைத் துடைத்துக்கொண்டே. "நிகழ்ச்சி நிரலா? வச்சிட்டுப் போங்க. ஒரு வாய் சாப்பிடறீங்களா?"

"இன்னிக்கு விரதம்," என்று எப்படியோ சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவளை அவர்கள் தொடவில்லை. நாளைக்கு மைக் பிடிக்க ஆள் வேண்டுமே.

குளத்துக்கு வந்ததும் கண்டதை எல்லாம் கத்திச் சொன்னாள். எதிர்க்கரை மாரிச்சாமி கொட்டாவி விட்டான். அவன் பையன் காத்திருப்போர் பட்டியலில் இருந்தான். "உங்களுக்கு அனுப்ப இஷ்டமில்லைன்னா எங்களுக்கு விட்டுக்கொடுங்களேன்க்கா. அதுக்குப் போயி பெரிய மனுஷங்களைப் பத்தி இப்படியெல்லாம் பேசலாமா?" போன மாதத் தூதரின் தாய் தன் கைபேசியை நீட்டினாள். "பாருங்க, என் பையன் கைப்பட எழுதியிருக்கான். உணவு பிரமாதமாம்."

ஆம்பல் பட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ மைக் பிடிச்சே காலம் தள்ளிட்டே. நான் முன்னுக்கு வர்றது உனக்குப் பொறுக்கலையா?"

"அடியே, அங்க உன்னைத் தின்னப் போறாங்கடி!"

"சமாதானம் பொய்யின்னு சொல்றியா?"

"உண்மைடி! அதுதாண்டி பயமா இருக்கு!"

ஆம்பலுக்கு அது விளங்கவில்லை. யாருக்குத்தான் விளங்கும்?

பெருவிழா நாள் வந்தது. ஆலமரத்தடியில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், இருவர் முகமும் போட்ட பெரிய ஃப்ளெக்ஸ். மேடையில் மாணிக்கநாச்சியும் மல்லாண்டாரும் அருகருகே. நடுவில் மாணிக்கக் கல். தலைமை வெண்கொக்கனார். ஓரத்தில் பச்சைப் பட்டையோடு ஆம்பல், சிரித்த முகமாக. முதல் நிகழ்ச்சி பொன்னாடை போர்த்துவது, கடைசி நிகழ்ச்சி தூதரை ஒப்படைப்பது. பொய்கையம்மாளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவகாசம். படை இல்லை, விஷம் இல்லை, பல்லும் இல்லை. கையில் மைக் மட்டும் இருந்தது. வருஷக்கணக்கில் மேடை பார்த்தவளுக்கு ஒன்று தெரியும். பாட்டனைக் கொன்றவனைப் பெரிய மனிதர்கள் மன்னித்துவிடுவார்கள். மேடையில் தம்மைக் குறைத்துவிட்டவனை மன்னிக்கவே மாட்டார்கள்.

தட்டில் சரிகை போட்ட பொன்னாடைகள் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்துக் காலுக்கடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு மைக்கைத் தட்டினாள்.

"முதலாவதாக, இந்தச் சமாதானத்தின் தாயும், ஒப்பந்தத்தின் உயிர்நாடியுமான நம் மகாராணியாருக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது!"

மாணிக்கநாச்சி படத்தை விரித்து வாங்கிக்கொண்டாள். கைதட்டு. மல்லாண்டார் சிரித்தபடி மீசையைத் தடவிக் கழுத்தை நீட்டித் தயாரானார்.

"நேரமின்மை காரணமாக, உடன் வந்திருக்கும் மற்றவர்களுக்குத் துண்டு அணிவிக்கப்படும்."

தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று, விலைச்சீட்டுகூடக் கிழிக்காதது, மல்லாண்டாரின் தோளில் விழுந்தது. அவர் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது.

"பரவால்ல," என்றார். "எங்களுக்கெல்லாம் துண்டு போதும். நாங்க உடன் வந்தவங்கதானே."

மாணிக்கநாச்சி உடனே தன் பொன்னாடையைக் கழற்றி அவருக்குப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சரிகை அவள் நிறத்துக்கு எடுப்பாக இருந்தது. "சின்ன விஷயத்துக்குப் போயி ஏன் தம்பி முகத்தைத் தூக்கி வச்சுக்கிறீங்க? நான் மூத்தவதானே," என்றாள்.

மாணிக்கக் கல் ஒருமுறை சிமிட்டியது.

"மூத்தவங்களா? யாரு யாருக்கு மூத்தவங்க? உங்க பாட்டி எங்க தாத்தாவைப் பின்னால இருந்து கடிச்ச மூப்பா?"

"ஓகோ! அதை இன்னும் மனசுல வச்சிருந்தீங்களா? புத்துக்குத் தீ வச்ச வம்சம் பேசற பேச்சைப் பாரு!"

கல் அணைந்தது. அதற்குப் பிறகு மேடையில் எது பாம்பு, எது கீரி, எது சீரியல் பல்பு வயர் என்று தெரியவில்லை. பந்தல் சரிந்தது. வெண்கொக்கனார் நன்றியுரையைச் சொல்லாமலே பறந்துவிட்டார். பொய்கையம்மாள் மகளைப் பச்சைப் பட்டையோடு கவ்வி இழுத்துக்கொண்டு குளத்தில் குதித்தாள்.

மறுபடியும் போர் மூண்டது. இன்றைக்கும் நடக்கிறது. சண்டைக்காலத்தில் பாம்பு தவளையைப் பிடிக்காதா என்று கேட்பீர்கள். பிடிக்கும்தான். ஆனால் தவளைக்குத் தப்பி ஓட வழி உண்டு. மேளம் வைத்துத் தன் காலால் நடந்துபோய் இலையில் உட்கார வேண்டியதில்லை. குளத்தில் இப்போது தலைப்பிரட்டைகள் கால் வைக்க இடமில்லாமல் நெளிகின்றன.

வெண்கொக்கனார் மறுபடி பட்டிமன்றம் நடத்தினார். இந்த முறை தீர்ப்பில் குழப்பமே இல்லை. "ஒரு துண்டுக்கு உடைகிற சமாதானம் எப்படி உண்மையாக இருக்கும்? ஆரம்பத்திலிருந்தே நாடகம்தான்!" எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சமாதானம் சுத்தமான, கலப்படமில்லாத உண்மை என்று காட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவளிடம் இப்போது யாரும் பேசுவதில்லை. பொன்னான சமாதானத்தைக் கெடுத்த பாவி என்று பெயர் எடுத்துவிட்டாள்.

ஆம்பலும் பேசுவதில்லை. தூதர் பதவி கைநழுவிப் போன பிள்ளைகளை எல்லாம் சேர்த்து, 'மீண்டும் வேண்டும் சமாதானம்' என்று தினம் சாயங்காலம் கரையைச் சுற்றி ஊர்வலம் போகிறாள். அம்மாவின் குரல் அப்படியே வாய்த்திருக்கிறது. "துரோகி பொய்கையம்மாள் ஒழிக!" என்று அவள் எடுத்துக்கொடுத்தால் அக்கரை வரைக்கும் கேட்கும்.

பொய்கையம்மாள் தாமரை இலைக்கு அடியில் உட்கார்ந்து அதைக் கேட்பாள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒருநாள் ஊர்வலத்தில் அவள் குரல் வரத் தாமதமானால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. கேட்டதும்தான் மூச்சு வரும். திட்டட்டும், திட்டுவதற்கு என் பெண் இருக்கிறாளே என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இப்போது காட்டில் ஒரு பேச்சு அடிபடுகிறது. மாணிக்கநாச்சிக்கும் மல்லாண்டாருக்கும் சண்டை அலுத்துவிட்டதாம். பழைய விருந்துகளை நினைத்து இரண்டு பேரும் பெருமூச்சு விடுகிறார்களாம். விழா வைக்க நாள் பார்க்கிறார்களாம். மைக் பிடிக்க ஆம்பலைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொன்னாடை வாங்கித்தர மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

பொய்கையம்மாள் பெயர் சொல்லாமல் நன்கொடை அனுப்பியிருக்கிறாள். நல்ல பட்டு, அகலச் சரிகை. ஒன்றே ஒன்று.

நீதி: பெரியவர்களின் சமாதானம் உண்மையா பொய்யா என்று ஆராயாதே; இலையில் யார் என்று பார். மேடைக்குப் போகும்போது பொன்னாடையில் ஒன்று குறைத்தே எடுத்துக்கொண்டு போ.