என் முதல் கல்யாணத்தின் மீது ஒரு புகார்

என் முதல் கல்யாணம் நடந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. அநேகமாகப் போடியில், ஏலக்காய் கம்பெனியில், நிறம் வெளுத்த காய்களைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்திருப்பேன். மணமகளும் அந்த நேரம் தேனியில் ஏதோ ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கலாம். கல்யாணத்துக்கு வந்திருந்தது ஒரே ஒருவர்தான். எங்கள் விசா ஆலோசகர்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. உணவுத் தொழில்நுட்பம் படித்திருந்தேன். ஆஸ்திரேலியா என் வருகைக்காகக் காத்திருப்பதாக நம்பினேன். தேனியில் ஏசி போட்ட ஆபீசில் இருந்த ஆலோசகரும் அதையே சொன்னார். ஒரு கட்டுத் தாளை முன்னால் வைத்து, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டினார்.

"இங்கன, இங்கன, அப்புறம் இங்கன. மத்ததெல்லாம் நான் ஃபில் பண்ணிக்கிறேன் தம்பி. நீங்க பெட்டி கட்டுற வேலையப் பாருங்க."

நான் வெற்றுத் தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் கேட்டதால் பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் கொடுத்தேன். பிறகு நேராகப் போய்ப் பெட்டி வாங்கினேன். (சக்கரம் வைத்த பெட்டி. போடி பஸ் ஸ்டாண்டில் உருட்டிக்கொண்டு வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெருமையாக நடந்தேன்.)

ஏழு மாதம் கழித்து பதில் வந்தது. நீங்களும் உங்கள் மனைவி ஜெபசீலியும் சேர்ந்து கொடுத்த விண்ணப்பத்தை நிராகரிக்கிறோம், திருமணப் போட்டோ ஒட்டு வேலையாகத் தெரிகிறது, பொய்த் தகவல் தந்ததால் மூன்று வருடத்துக்கு இருவரும் விண்ணப்பிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். நான் அதைச் சாப்பாட்டு மேஜையில் சத்தம் போட்டு மொழிபெயர்த்தேன். மனைவி என்ற இடம் வந்தபோதுதான் நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

"ஏலே, யாருலே ஜெபசீலி?" என்றாள் அம்மா.

"தெரியாதும்மா."

"தெரியாமயாலே சேந்து ஆஸ்திரேலியா போகப் பாத்தீக?"

அப்பா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "புள்ள என்ன வேல பாக்குதாம்?" என்று மட்டும் கேட்டார்.

"நர்ஸ்னு போட்டிருக்கு."

"சரி" என்றார். அதற்குள் அம்மாவுக்கும் கோபம் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. நாலு வருடமாக எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர்கள்.

ஆலோசகரிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை. "ஜோடியாப் போனா பாயிண்ட் ஜாஸ்தி தம்பி. அங்கன போய் எறங்குனதும் நீங்க ஒரு பக்கம், அவுக ஒரு பக்கம் பிரிஞ்சுக்கலாம்னு இருந்தேன்" என்றார். பாஸ்போர்ட்டைக் கேட்டேன். அப்பீல் போட வேண்டும், இங்கேயே இருக்கட்டும் என்றார். மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே அப்பீல். படிப்புக்கான அத்தனை அத்தாட்சியும் அந்த ஆளின் பீரோவில் இருந்தது.

கடிதத்தில் மனைவியின் விலாசம் இருந்தது. தேனி பஜாரில் ஒரு பாத்திரக்கடை. அவருடைய அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேணும் தம்பி? குக்கரா?"

"இல்ல சார். உங்க மக விஷயமா வந்தேன். என் பேரு முருகேசன்."

கையிலிருந்த இட்லிக் கொப்பரையை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். "லெட்டர்ல இருக்கிற முருகேசனா?"

"ஆமா சார்."

மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். "போட்டோவுல கலரா இருந்தீக" என்றார்.

ஜெபசீலி டூட்டி முடிந்து வந்து அந்தப் போட்டோவைக் காட்டினார். அவரும் என்னைப் போலவே வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட்டைக் கொடுத்தவர்தான். ஆலோசகரிடம் சண்டை போட்டு ஃபைலை வாங்கி, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். யாரோ ஒரு பட்டுச்சட்டைக்காரரின் கழுத்துக்கு மேல் என் பாஸ்போர்ட் முகம். மாலையும் கழுத்துமாக நின்றாலும் முகத்தில் அதே திகில்.

"புகார் கொடுத்திரலாம். ஒரு பக்கத்துல எழுதிரலாம்" என்றார் ஜெபசீலி.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "நான் எழுதுறேன். பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டியில பரிசு வாங்குனவன்" என்றேன்.

ஆறு பக்கம் வந்தது. "ஒரு முழம் மாலையோ, ஒரு வாய்ச் சம்மதமோ இன்றி நிகழ்ந்துவிட்ட இத்திருமண பந்தம் எங்கள் இருவர் வாழ்வையும் இருளில் ஆழ்த்திவிட்டது" என்று ஆரம்பித்திருந்தேன். முதல் மூன்று பக்கமும் இருள்தான். ஆலோசகர் நாலாம் பக்கத்தில் வந்தார். பாஸ்போர்ட் ஆறாம் பக்கத்தில். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாளில் ஜெபசீலி நைட் டூட்டி முடித்து, கண் சொக்க வரிசையில் வந்து நின்று, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட இரண்டு பேர் கொடுத்த புகார் அது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மனுவை வாங்கியவர் முதல் பத்தியை மட்டும் படித்தார். எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். முத்திரை குத்தினார். அடுத்த வாரம் மகளிர் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. கணவன் மனைவி இருவரும், இரண்டு வீட்டுப் பெரியவர்களோடு வர வேண்டுமாம்.

அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ("ஸ்டேஷனுக்கு எதுக்கும்மா பட்டு?" "சம்பந்தி வீட்டாளுக வாராகல்ல?")

பெண் இன்ஸ்பெக்டர் கனிவானவர். எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்.

"சொல்லும்மா, இவரு உன்னை அடிக்கிறாரா?"

"இல்ல மேடம். நானே இவுகள இன்னைக்கோட மூணாவது தடவதான் பாக்குறேன்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கே போறதில்லையா?"

"தினமும் போறேன் மேடம். எங்க வீட்டுக்கு."

"மேடம், இந்தக் கலியாணத்துக்கு நானே போகல" என்றார் ஜெபசீலியின் அப்பா, நிலைமையைத் தெளிவாக்கும் எண்ணத்தில்.

"ஓ. லவ் மேரேஜா" என்று இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, விட்டுக்கொடுத்துப் போவது பற்றிப் பத்து நிமிடம் பேசினார். நல்ல விஷயங்கள். மறுக்க முடியாததால் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பக்கம் ஒரு ஆட்சேபணையும் இல்ல மேடம். புள்ளயப் பாத்தா நல்ல புள்ளயாத் தெரியுது. சேத்து வச்சிருங்க" என்றாள்.

ஜெபசீலி என்னைப் பார்த்தார். ஊசி போடுவதற்கு முன் நரம்பைத் தேடுகிற பார்வை. கைப்பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். ஆலோசகர் பெயர், எந்த நாளில் என்ன வாங்கிக்கொண்டார், எந்தத் தாளில் என்ன பொய் எழுதினார், என்னென்ன திருப்பித் தரவில்லை. நாங்கள் கணவன் மனைவி இல்லை என்பது முதல் வரியிலேயே இருந்தது.

இன்ஸ்பெக்டர் இரண்டு நிமிடத்தில் படித்து முடித்தார்.

"இதை முதல்லயே குடுத்திருக்கலாம்லம்மா?"

"இவுகதான் நல்லா எழுதுவேன்னு சொன்னாக மேடம்."

நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். பாஸ்போர்ட், சான்றிதழ் எல்லாம் ஒரு துணிப்பையில் வந்தன. அவர் பீரோவில் எங்களைப் போல் இன்னும் நாலு ஜோடி இருந்ததாம். (அதில் ஒரு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள்.) வழக்குப் பதிவானது. ஆபீஸ் பூட்டப்பட்டது. அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினோம். ஆலோசகர் செய்தது தவறுதான், ஆனால் கையெழுத்து உங்களுடையது என்று மரியாதையாகப் பதில் வந்தது. மூன்று வருடம் மூன்று வருடமாகவே இருந்தது. நாங்கள் அனுப்பிய கடிதத்தை ஜெபசீலிதான் எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னை ஸ்டாம்ப் ஒட்டக்கூட விடவில்லை.

பிறகு அவர் அயர்லாந்துக்குத் தானே விண்ணப்பம் நிரப்பித் தானே போனார். குமுளிப் பக்கத்து மலையாளி ஒருவரை, இந்த முறை நேரில் இருந்து, கல்யாணம் செய்துகொண்டார். நான் போடியிலேயே ஏலக்காய் சோதிக்கிற சின்ன லேப் வைத்தேன். சின்னமனூரில் பெண் பார்க்கப் போன வீட்டில், அம்மா காபியை வாங்கும் முன்பே, "பையனுக்குப் பேப்பர்ல ஒரு கலியாணம் உண்டு, மூத்தகுடியா ஒருத்தி உண்டு, ரெண்டும் கேன்சல்" என்று அறிவித்துவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காரிதான் இன்று என் மனைவி.

வருடா வருடம் கிறிஸ்துமசுக்கு ஜெபசீலியின் வீட்டுக்காரர் போன் செய்வார். "சேட்டா, சுகமாணோ? எனக்கு முன்னாடி இருந்த ஆளு நீங்க, ஆசீர்வாதம் வேணும்" என்பார். அதற்குக்கூட நான் பழகிவிட்டேன். ஆனால் போனை எடுக்கிறவள் என் மனைவி. எடுத்ததும், வீட்டில் இருக்கிற விருந்தாளி, வாடிக்கையாளர், பால்காரர் யாரென்றும் பார்க்காமல் மாடிக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள்:

"ஏங்க, மூத்தகுடியா வீட்ல இருந்து போன்!"