அப்பாவின் தலையில் நடந்த சதி

"இந்த நிமிஷத்துலேர்ந்து இந்த வீட்ல யாரும் என் தலையைத் தொடக்கூடாது. முக்கியமா, உங்கம்மா!"

ஞாயிற்றுக்கிழமைக் காலை. தட்டில் அக்கிப்பழக் கறியும் உப்புமீனும் ஆவி பறக்கக் காத்திருக்க, என் அப்பா எவரல்ட் பின்னக் இப்படி ஒரு பிரகடனம் செய்தார். கையில் டம்ப்ளிங் என்கிற பொரித்த மாவு உருண்டை ஒன்று. அதைத் தடயப் பொருள் மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார்.

"முக்கியமான்னா என்ன அர்த்தம்ப்பா? குற்றச்சாட்டே இல்லாம ஒருத்தர் மேல தடை போட முடியாது," என்றேன்.

நான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு. அநியாயத்தைப் பார்த்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"குற்றச்சாட்டா? இந்தா, பாரு!"

சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சடை. சணல் நூல் கனம், ஒரு சாண் நீளம். சந்தேகமே இல்லை, அப்பாவுடையதுதான்.

"எங்க கிடைச்சுது தெரியுமா? உங்கம்மாவோட தையல் டப்பாவுல. இது ஒண்ணு இல்ல, ஒரு கட்டே இருக்கு. ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கா!"

அம்மா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அந்தச் சிந்தாத காபிதான் அப்பாவுக்கு மேலும் சந்தேகத்தைக் கொடுத்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவில், கிங்ஸ்டன் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் வேலை. பீப்பாயில் உப்புமீன் என்று எழுதியிருந்தால், அதில் உப்புமீனைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று தேடுவார். அந்தப் பழக்கத்தை வாசலில் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வரவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கூடப் படித்தவர்களுக்கெல்லாம் தலை வழுக்கை விழ ஆரம்பித்த வயதில், அவர் மட்டும் சவால் விட்ட மாதிரி பொடிச்சடை வளர்க்க ஆரம்பித்தார். ராஸ்தா மதக்காரர்கள் வளர்க்கிற தடித்த சடை அல்ல. முடியை இழை இழையாகப் பிரித்து, கொக்கி ஊசியால் வேர்ப்பக்கம் முடிந்து முடிந்து வளர்ப்பது. தலை முழுக்க நூற்றுக்கணக்கில் தொங்கும். பார்க்க அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். புதிதாக வளர்ந்த வேரை ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை இறுக்கினால் போதும். அப்பாவுக்குப் போதாது. சனிக்கிழமை தவறாமல் மிஸ் நோவ்லெட்டின் பார்லரில் போய் உட்கார்ந்துவிடுவார். அவள் இறுக்குவாள். "இன்னும் கொஞ்சம், மிஸ் நோவ்லெட்," என்பார். மறுபடி இறுக்குவாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் உச்சியில் தூக்கிக் கட்டிவிடுவார். கட்டிய இறுக்கத்தில் புருவம் இரண்டும் மேலே ஏறிவிடும். ஒரு வருஷமாக அப்பா எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிற மாதிரியே இருந்தார்.

முதலில் காதோரம் பொடிப்பொடியாகக் கொப்புளம். பிறகு தலையணையில் தலை வைத்தால் வலி. பிறகு நெற்றியோரச் சடைகள் காம்பு காய்ந்த மாங்காய் மாதிரி ஒற்றை இழையில் ஊசலாடின. அப்புறம் விழ ஆரம்பித்தன. நெற்றிப்பொட்டுப் பக்கம் கிங்ஸ்டன் துறைமுகம் மாதிரி உள்வாங்கிக்கொண்டே போனது.

அப்பொழுது அம்மா ஒருமுறை, ஒரே ஒருமுறை, நேராகச் சொன்னாள்.

"மிஸ்டர் பின்னக், நீங்க சடையை இறுக்கல. வேரைப் புடுங்குறீங்க. தோல் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். ரெண்டு மூணு மாசம் இழுக்காம விட்டா திரும்ப மொளைக்கும். இன்னும் இழுத்தா வேரே செத்துடும். அப்புறம் யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"என் தலைய பத்தி ஊரார்கிட்ட பேச உனக்கு யார் அதிகாரம் குடுத்தா?" என்றார் அப்பா. சனிக்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை. மறுநாளே போய் இறுக்கிக்கொண்டு வந்தார்.



விஷயம் முடியோடு போகிறதாக இருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு லாசல்ஸ் மாமா அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். முழு வழுக்கை. "லாசல்ஸ், வெயில்ல நிக்காதய்யா. ஓடுபாதைன்னு நெனச்சு ப்ளேன் எறங்கிடப் போவுது!" என்று அப்பா வேலிக்கு மேலாகக் கத்தாத காலை கிடையாது. கொஞ்ச நாளாக லாசல்ஸ் மாமா பதிலே சொல்வதில்லை. அப்பாவின் நெற்றிப்பொட்டை மட்டும் மிகுந்த பிரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் பள்ளிக்கூடப் பழைய மாணவர் விருந்து வேறு வருகிறது. அதற்குள் தலை போய்விட்டால், அப்பா அந்த மண்டபத்தில் காலெடுத்து வைக்க முடியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

"விழுந்த சடையை எடுத்து வைக்கறது எல்லா வீட்லயும் நடக்கறதுதானேப்பா," என்றேன். "பின்னாடி சேத்து முடிஞ்சுக்கலாம்னு வச்சிருப்பாங்க."

"முடி அடுத்தவங்க கையில போனா செய்வினை வைக்கலாம்."

"நீங்க சபையில டீக்கன்! செய்வினையெல்லாம் நம்புறீங்களா?"

"நான் நம்பல. அவ நம்பினா?"

"நோக்கம் வேணும்ப்பா. நோக்கம் இல்லாம குற்றம் கெடையாது."

"ஏன் இல்ல? போன கிறிஸ்மஸ் ஆராதனையில ஒரு பொண்ணு என்னை 'தம்பி'ன்னு கூப்பிட்டுது. உங்கம்மா மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன்."

"அந்தம்மா கண்ணாடியை மறந்து வந்துட்டாங்க. பாதிரியாரையும் தம்பின்னுதான் கூப்பிட்டாங்க!"

"நீ உங்கம்மா பக்கம்."

"நான் நியாயத்தோட பக்கம். ஒளிச்சு வைக்கணும்னு நெனக்கிறவ தையல் டப்பாவைத் தெறந்து உங்க ரேடியோ பக்கத்துலயா வைப்பா?"

"அதாண்டி தந்திரம்!"

அம்மா காபியை அவர் முன்னால் வைத்தாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும். வேர் ரொம்பத் தளர்ந்து கெடக்கு, மிஸ்டர் பின்னக். சனிக்கிழமை நோவ்லெட்கிட்ட போய் நல்லா இறுக்கிட்டு வந்துடுங்க. நானே போய் நேரம் சொல்லி வச்சிட்டேன்."

ஏற்கெனவே மேலே இருந்த அப்பாவின் புருவம், இன்னும் போக இடம் இருக்கிறது என்று காட்டியது. காபியைத் தொடவில்லை. என்னைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கேட்டியா? அன்னிக்கு இறுக்காதீங்கன்னா. இன்னிக்கு இறுக்குங்கறா. நடுவுல என்ன நடந்துது? ரெண்டு பேரும் கூட்டு சேந்துட்டாளுங்க. நோவ்லெட் இறுக்குவா. முடி விழும். இவ பொறுக்குவா. ஒருத்தி ஏற்றுமதி, ஒருத்தி இறக்குமதி!"

எனக்கு ரத்தம் கொதித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷம் இவருக்கு அக்கியை வேகவைத்துப் போட்ட பெண் மேல் கடத்தல் வழக்கா! அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த வழக்கை எடுத்து நடத்துவேன். அம்மா நிரபராதி என்று தீர்ப்பு வாங்காமல் விடமாட்டேன்.

விடவில்லை. ஆனால் அம்மா எனக்குக் கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. நான் ஒரு பக்கம் வாதாடி அப்பாவைச் சமாதானத்துக்குக் கொண்டுவருவேன். அவள் மறுபக்கம் ஏதாவது சொல்லிக் கெடுப்பாள்.

"இப்படித் தொங்கவிட்டா நல்லாவேயில்ல. உச்சியில தூக்கிக் கட்டுங்க, ராஜா மாதிரி இருக்கும்," என்பாள். அப்பா அந்த நிமிஷமே கட்டை அவிழ்த்துவிட்டுத் தோளில் சடையைப் பரப்பிக்கொள்வார். மிஸ் நோவ்லெட்டை அந்தச் சனிக்கிழமையும் பார்க்கவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் பார்க்கவில்லை.

"தூங்கறப்ப தலையில எதுவும் போடாதீங்க. பருத்தித் தலையணை உறையே போதும்," என்பாள். மறுநாள் அப்பாவின் தலையில் சாட்டின் தொப்பி. பூப்போட்டது. கடையில் யாருக்கென்று சொல்லி வாங்கினாரோ தெரியாது.

"மண்டையில எண்ணெய் கிண்ணெய் தேய்க்காதீங்க, நாத்தம் தாங்கல!" என்பாள். அப்பா குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டு, விளக்கெண்ணெயும் கையுமாக, விரல் நுனியால் தேய்த்துக்கொண்டிருப்பார்.

"அந்த ஒல்லிச் சடையெல்லாம் பாக்க லட்சணமா இருக்கு, அப்படியே விட்டுடுங்க," என்பாள். அப்பா கண்ணாடி முன் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒல்லிச் சடையையும் பக்கத்துக் கனத்த சடையோடு சேர்த்து முறுக்கி, ஒன்றை ஒன்று தாங்குகிற மாதிரி செய்துவிடுவார்.

நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்பேன். "அம்மா உங்க நல்லதுக்குத்தான்ப்பா சொல்றா. அவ சொல்றதைச் செஞ்சு பாருங்க. சந்தேகத்தின் பலன் எப்பவும் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான்!"

"நாடீன், துறைமுகத்துல எவன் வக்கீலைக் கூட்டிட்டு வர்றானோ, அவன் பெட்டியைத்தான் நாங்க மொதல்ல ஒடைப்போம். உங்கம்மாவுக்கு மடியில கனம் இல்லன்னா நீ எதுக்கு இந்தப் பேச்சுப் பேசுற?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நான்கு பதில் சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை.

விருந்துக்குச் சில நாள் இருக்கும்போது, காலையில் வேலியோரம் ஒரு கூச்சல்.

"லாசல்ஸ்! கண்ணாடி போட்டுக்கிட்டு வாய்யா! இங்க, இந்தப் பொட்டுல பாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அப்பா வெயிலுக்குப் பக்கவாட்டில் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார். கொப்புளம் ஒன்றுகூட இல்லை. துறைமுகம் இருந்த இடத்தில் பிறந்த குழந்தையின் தலை மாதிரி கருகருவென்று பூனைமுடி. லாசல்ஸ் மாமா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து ஒரு முறை பார்த்தார். இறுதி ஊர்வலத்தில் நடக்கிறவர் மாதிரி வீட்டுக்குள் திரும்பிப் போனார்.

அப்பா நேராக அடுக்களைக்கு வந்தார்.

"மார்வா, உன் திட்டம் பலிக்கல. இறுக்கச் சொன்னே, இறுக்கல. கட்டச் சொன்னே, கட்டல. இனிமே ஆயுசுக்கும் நீ என்ன சொல்றியோ, அதுக்கு நேர் எதிரா செய்யப்போறேன். என் தலை தப்பிச்சுது!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தோத்துட்டேன், மிஸ்டர் பின்னக். நீங்க கெட்டிக்காரர்."

அப்பா சடையைத் தோளில் வீசிக்கொண்டு, புருவம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்க, வேலைக்குப் போனார்.

எனக்குத் தாங்கவில்லை. "எதுக்கும்மா ஒத்துக்கிட்டே? செய்யாத குற்றத்தை எதுக்கு ஒத்துக்கிட்டே? நான் இவ்வளவு நாள் தொண்டை கிழிய..."

அம்மா திரும்பினாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இறுக்காதே, தூக்கிக் கட்டாதே, சாட்டின் தொப்பி போடு, விரலால தேய்ச்சு விடு, ஒல்லியைக் கனத்தோட சேத்து முறுக்கு. எல்லாம் டாக்டரம்மா சொன்னதுதான். நான் நேரா சொல்லியிருந்தா உங்கப்பா ஒண்ணாவது கேட்டிருப்பாரா?"

நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அந்தத் தையல் டப்பா? ரேடியோ பக்கத்தில்? திறந்தபடி?

"இதை என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றேன் கடைசியில். "நான் வாயை மூடிக்கிட்டு சும்மா இருந்திருப்பேனே."

"சும்மா இருந்தா எப்படிடி? உங்கப்பா பாவம், நல்ல மனுஷன். ஒரு வாரத்துல எம்மேல சந்தேகம் தீந்துபோயிருக்கும். நீதான் நிமிஷத்துக்கொரு தடவை எனக்காகப் பேசிப் பேசி, அதைத் தீரவே விடாம பாத்துக்கிட்டே!"