பாதி முகத்து மாப்பிள்ளை

மலாயாவில் கெடா மாநிலம் முழுவதிலும் சூரியனையே காத்திருக்க வைத்த மனிதர் ஒத்தக்கண்ணு அண்ணன் ஒருவர்தான். ஜப்பான் சிப்பாயைக் கண்டால் எல்லோரும் இடுப்பு ஒடியக் குனிந்த காலம் அது. அவரும் குனிவார். குனிந்தபடியே ஒரு கண்ணை மூடி, சிப்பாயின் கன்னத்தில் வெயில் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். கண்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றே போதும் என்பது அவர் கொள்கை.

பாடாங் செராய் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரனுக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன அன்று சனம் பங்களாவுக்குள் புகுந்து அரிசி, நாற்காலி, மெத்தை என்று அள்ளியது. அங்கே சமையல்காரராக இருந்த அண்ணனோ இரண்டு கேமராக்களுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார். ஒன்று பெரியது, லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம். மற்றது சட்டைப் பையில் அடங்கும், லென்ஸ் அதோடு ஒட்டியே இருக்கும். அவர் சின்னதை எடுத்தார்.

"பெருச விட்டுட்டீங்களேண்ணே" என்றேன்.

"கழட்டுற கண்ணு தொலைஞ்சு போகும். இதுல ஆளு பெருசா தெரியணும்னா கிட்ட போகணும், சின்னதா தெரியணும்னா பின்னால போகணும். காலு இருக்கில்ல, அப்புறம் எதுக்கு நாலு லென்சு?"

காலுக்குப் பின்பக்கம் கண் இல்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கங்காணி குடும்பத்தைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து "யாரும் அசையாதீங்க" என்று குரல் மட்டும் வந்தது.

துரை விட்டுப்போன பிலிமில் கடைசியாக ஒரே ஒரு படத்துக்கு இடம் மிஞ்சியபோது, சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணமாகாதவர்கள்தான் முதலில் போக வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் சொல்லிவிட்டார். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. எனக்கு அப்போது கல்யாண வயது. செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பெண் இருந்தது, என் முகத்தைப் பார்க்காமல் தரமாட்டார்கள். பெண் பார்க்கப் போகிறேன் என்றால் தோட்டத்தை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைக்காது, தாலி கட்டப் போகிறேன் என்றால்தான் கிடைக்கும். ஆக, என் முகத்தை அங்கே அனுப்ப ஒரு போட்டோ வேண்டும்.

காலையில் போய் நின்றேன். "வெயில் இன்னும் ஏறல" என்றார் அண்ணன். மத்தியானம் போனேன். "இப்ப எடுத்தா கண்ணுக்குக் கீழ குழி விழும். பொணத்துக்கு யாரு பொண்ணு குடுப்பா? நாளைக்கு வா." நாளைக்கு மேகம். ஆள் பிடிக்கும் லாரி அடுத்த தோட்டம் வரை வந்துவிட்டது, அண்ணன் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் வெயில் அவருக்கு அடங்கியது. என்னை வாசல் ஓரமாக உட்கார வைத்தார். வெயில் கூசாமல் இருக்க, வெளுத்த ரப்பர் ஷீட் ஒன்றை வாசலில் திரை மாதிரி தொங்கவிட்டார். பவுடருக்குப் பதிலாக மரவள்ளி மாவைப் பூசினார். எனக்கோ வெட்கம், தலை தானாகக் குனிந்தது.

"தம்பி, தலைய தூக்கு. உச்சந்தலைய பாத்து எவளும் கட்டிக்க மாட்டா."

தூக்கினேன். மறு பக்கம் வெளிச்சம் காட்ட அவர் மனைவி வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்திருந்தார். அண்ணன் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "அத எடுத்துடு. ரெண்டு பக்கமும் வெளிச்சம் அடிச்சா மூஞ்சி அப்பளம் மாதிரி ஆயிடும்" என்றார். வேட்டி போயிற்று. படம் விழுந்தது.

கிராணியாருக்கு முட்டை வாங்கி வருபவர் என்பதால் அண்ணனிடம் எப்போதும் பாஸ் உண்டு. டவுனில் சீனர் கடையில் படத்தைக் கழுவி வாங்கி, அவரே சைக்கிளில் செர்டாங்குக்குக் கொண்டுபோனார். அங்கே நடந்ததைப் பின்னால் என் மனைவி லெட்சுமி சொன்னாள்.

படத்தில் என் முகம் ஒரு பாதி பளிச்சென்று இருந்தது, மறு பாதி கும்மிருட்டு. லெட்சுமியின் அப்பா படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மறு பாதி எங்கய்யா?"

"நெழல்ல இருக்கு."

"அத ஏன் நெழல்ல வச்சிருக்கீங்க? கண்ணு இல்லையா, அம்மைத் தழும்பா?"

"நெழல் விழுந்தாதான் மூஞ்சிக்கு அழகு லா."

"அழகு கெடக்கட்டும். நான் முழு மாப்பிள்ளைக்குத்தான் பொண்ணு தருவேன்."

உலகத்தில் யாரையும் தொடவிடாத கேமராவை அண்ணன் முட்டைக் கூடையின் அடியிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். "கல்யாணம் வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். மறு பாதி இல்லைன்னா நீங்களே வச்சுக்குங்க."

அப்போது உள்ளேயிருந்து லெட்சுமி, "பாதி மூஞ்சியிலயே இவ்வளவு வெக்கம் தெரியுது. ஏமாத்துற ஆளு மாதிரி இல்லப்பா" என்றாளாம்.

லாரி எங்கள் தோட்டத்துக்கு வருவதற்குள் தாலி கட்டிவிட்டேன். என் இரண்டு கண்களையும் இரண்டு கன்னங்களையும் மாமனார் கிட்டே வந்து சரிபார்த்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார். அதற்கு முந்தின வாரம் அவர்கள் லயத்து வீடுகளில் சிப்பாய்கள் சோதனை போட வந்தார்களாம். கேமராவோடு பிடிபட்டால் தலை போய்விடும் என்று பயந்து அதை ஆற்றில் வீசிவிட்டாராம்.

அண்ணன் இலையில் இருந்த மரவள்ளிக் கிழங்கைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார். என் தாடையைப் பிடித்து, அவர் இருட்டில் விட்ட பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இந்தப் பக்கமும் நல்லாத்தான் இருக்கு, தம்பி."

கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் போதும் என்று கையை எடுக்கும்வரை நான் தலை குனியவில்லை.