நிழல் பட்டவர்

வலசைப் பறவைகள் திரும்பும் மாதத்தின் ஒன்பதாம் பிறை. சூரியன் கடலுக்கு மேல் ஓர் ஆள் உயரம் எழுந்திருந்த நேரம். விடியலில் பெய்த மழை ஓய்ந்து வெயில் பளிச்சென்று அடித்தது. அந்த வெயில் சற்றே தாமதித்திருந்தால் கபோனோ குற்றவாளி ஆகியிருக்கமாட்டான்.

அவன் தென்னையின் உச்சியில் காய் பறித்துக்கொண்டிருந்தான். கீழே, அலுமோவாத் தீவின் அரசர் மகாலுனு, செஞ்சிறகுப் போர்வை அணிந்து, படகுகளை வழியனுப்பச் சென்றுகொண்டிருந்தார். கபோனோவின் நிழல் நீண்டு வந்து அரசரின் மூக்கின்மேல் விழுந்தது. ஊரார் அனைவரும் வழக்கப்படி மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தமையால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அரசரே பார்த்தார்.

குடிமகனின் நிழல் அரசர்மேல் விழுவது அத்தீவில் கொலையினும் பெருங்குற்றம். எனினும் அது அமைதிக் காலம். அந்த நான்கு மாதங்களில் போரும் கூடாது, மரண தண்டனையும் கூடாது. ஈட்டிகளோடு அண்டைத் தீவுக்குப் புறப்பட்ட அந்தப் படகுகளுக்கும் 'நலம் விசாரிக்கும் பயணம்' என்றே பெயர். ஆகவே கபோனோ கொல்லப்படாமல் கற்கொட்டடியில் அடைக்கப்பட்டான். அவன் மனைவி நலேயா இதற்காக அரசுக்கு நன்றி சொன்னாள். மனமாரத்தான் சொன்னாள்.

அரசு சும்மா இருக்கவில்லை. அரச பாதையை ஒட்டிய தென்னைகள் யாவும் வெட்டப்பட்டன. ஏழைகளின் நிழல் இனித் தவறிழைக்க வாய்ப்பே இராது என்று முரசறைந்தார்கள். தேங்காயை இழந்தவர்கள் நன்றி தெரிவித்தார்கள். அடுத்து, நிழல் குறுகும் நண்பகலில் மட்டுமே குடிகள் வெளியே வரலாம் என்றோர் ஆணை பிறந்தது. சேற்று வயலில் சேம்பு நட்டவர்கள் வெயில் தாளாமல் மயங்கி விழுந்தார்கள். விழுந்து கிடப்பவருக்கு நிழல் மிகவும் குறைவு என்பதை அரசு மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டியது. அதற்கும் நன்றி தெரிவிக்கப்பட்டது.

நலேயாவின் வயலில் அண்டை வீட்டார் அவள் கேட்காமலேயே வந்து சேம்பு நட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அவள் செலுத்திய நன்றியில் முரசுக்கு வேலை இருக்கவில்லை.

அமைதிக் காலம் முடிந்த மறுநாள், சட்டத் தலைவர் இலோக்கு அவளை அவைக்கு அழைத்தார். கற்கொட்டடிக்குச் செல்ல ஆயத்தமாய், தண்டத்தைத் தோளில் சாய்த்தபடி துவாமோ நின்றான். ஆணையின் சொல்லில் இல்லாத எவரையும் அடித்தறியாத கொலைஞர் குடும்பம் அவனுடையது.

"அரசர் தம் திருவாயால் இயற்றிய சட்டம் இது," என்றார் இலோக்கு. "'அரச உலாவில் நிழல் பட்டவரைத் தண்டத்தால் அடித்துக் கொல்க.' துவாமோ, கடமையைச் செய்!"

"ஐயா, ஒரு சந்தேகம்."

"உனக்கென்ன சந்தேகம்? அடிப்பதுதானே உன் வேலை?"

"யாரைன்னு தெரியணும்ல. நிழல் யாரு மேல பட்டுச்சுங்க?"

"அரசர்மேல்!"

"அடிபட்டவன்னா அடி வாங்கினவன். அப்ப நிழல் பட்டவருன்னா..." துவாமோ அரண்மனைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "எங்கப்பா காலத்துலகூட இவ்வளவு பெரிய ஆளு வந்ததில்லீங்க. வேற தண்டம் எடுத்தாரணும்."

இலோக்குவின் அவைப்பேச்சு கலைந்தது. "டேய், வாய மூடுடா! நிழல விழ வச்சவன்னு சொல்ல வந்தாருடா!"

"அப்ப அவரு சொன்னது தப்புங்கிறீங்களா?"

அரசரின் சொல்லில் பிழை காண்பவருக்கும் அதே தண்டம்தான்.

நலேயா மெல்லக் கேட்டாள்: "அப்ப எம் புருசன் குத்தமே பண்ணலீங்களா, ஐயா?"

"நீ குறுக்கே பேசாதே அம்மா. இது இலக்கணம்."

சொல்லைத் திருத்த முடியாது; அரசரை அடிக்கவும் முடியாது. அமைச்சர்கள் கதவடைத்துக் கூடி, மாலையில் அரண்மனைக்குச் சென்று திரும்பினார்கள். இலோக்கு புதிய மரவுரியொன்றை விரித்தார். அதன் அடியில் அரசரின் கையொப்பம் இன்னும் ஈரமாயிருந்தது.

"'நிழல் பட்டவர் முழுமையாக மன்னிக்கப்பட்டார்.' அரசர் தம்மைத் தாமே மன்னித்தருளினார். எத்தகைய பெருந்தன்மை!"

"எம் புருசன்?"

"அவன் குற்றவாளியே அல்லன். துவாமோ இனி அவனைத் தொடமாட்டான்."

நலேயா அப்படியே தரையில் அமர்ந்து, நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாமி, நல்லா இருப்பீங்க. எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?"

இலோக்கு வருத்தத்தோடு தலையசைத்தார். "விடுதலை என்பது மன்னிக்கப்பட்டவர்க்கே உரியது, தாயே. குற்றம் செய்யாதவனை மன்னிக்கச் சட்டத்தில் இடமில்லை. உள்ளேயே இருக்கட்டும். உயிரோடு இருப்பான், அதைவிட என்ன வேண்டும்?"

மரவுரியை மடித்து அவளிடம் நீட்டினார். அவள் ஒரு முனையைப் பற்றினாள். அவள் வாயிலிருந்து நன்றி வரும்வரை, அவர் மறுமுனையை விடவில்லை.