சம்பந்தியம்மா வீட்டுச் சுவர்க் கடிகாரம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நீ ஆசையாக வாங்கித் தந்த சாய்வு நாற்காலி இடுப்புக்கு இதமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நம் பையன் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. போன வாரம் முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போனோம். பையனும் அந்தப் பெண்ணும் காபி போட உள்ளே போய்விட்டார்கள், சம்பந்தியம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம், எவ்வளவு நேரம்தான் சிரிக்கிறது, சுவரில் ஒரு பெரிய கடிகாரம் தெரிந்தது, பஸ்ஸில் பையன் சொல்லிக்கொடுத்த ஒரே ஸ்பானிஷ் வாக்கியத்தை எடுத்துவிட்டேன், 'ரொம்ப அழகா இருக்கு'ன்னு. அந்தம்மா நெஞ்சில் கைவைத்து ஏதோ சொன்னாங்க. மொழிபெயர்க்கச் சொல்லிப் போனை நீட்டினேன். 'இது உங்களுடையது'ன்னு தமிழில் வந்துச்சு. மனசாரக் கொடுக்கிறதை வேண்டாம்னா அவங்க முகம் என்ன ஆகும், நீயே சொல்லு. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், ஸ்க்ரூடிரைவர் இன்னும் சட்டைப்பையிலதான் இருக்கு. காபி வர்றதுக்குள்ள கழட்டிட்டேன். அந்தம்மா திறந்த வாயை மூடலை, சந்தோஷம்னு நினைச்சேன். நான் ரிப்பேருக்கு எடுத்துட்டு வர்றேன்னு பையன் நினைச்சானாம்.

திரும்பி வர்ற பஸ்ஸில்தான் விஷயம் உடைஞ்சுது. "அப்பா, அது உபசாரத்துக்குச் சொல்றது. எதை நல்லாருக்குன்னாலும் உங்களுதுதான்னு சொல்வாங்க, யாரும் தூக்கிட்டு வரமாட்டாங்க. அது செத்துப்போன அவங்க வீட்டுக்காரரோட கடிகாரம். கல்யாணம் நின்னா நீங்கதான் பொறுப்பு" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

சரி, திருப்பிக் கொடுக்கணும்னா வார்த்தை வேணுமே. உட்கார்ந்து ஸ்பானிஷ் படிச்சேன். கொடுக்கிறதுக்கு 'தார்', அன்பளிப்பாக் கொடுக்க 'ரெகலார்', திருப்பிக் கொடுக்க 'தெவோல்வேர்'. இந்த 'தார்' இருக்கே, அதிசயம்மா. பயமா இருந்தா ஏதோ ஒண்ணு நமக்குப் பயத்தைக் கொடுக்குதாம், பசியையும் கொடுக்குதாம், உலாவப் போறவங்க ஒரு நடையைக் கொடுக்கிறாங்களாம். இத்தனையும் கொடுக்கிறவங்க ஒரு கடிகாரத்தை மட்டும் ஏன் கொடுக்கலைன்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே போச்சு.

நேத்து பையனோட போய் 'தெவோல்வேர்' சொல்லி நீட்டினேன். அந்தம்மா குழந்தையை வாங்கற மாதிரி வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க. எனக்கும் கண் கலங்கிடுச்சு. "இவர் ஏன் எடுத்துட்டுப் போனார்?"னு கேட்டாங்க. பையன் சொன்னான், "எங்க ஆளுங்க கொடுக்கிறதை மறுத்தா கொடுத்தவங்க மனசு நோகும்னு நினைப்பாங்க." அந்தம்மா புரியுதுன்னு தலையாட்டினாங்க. கல்யாணம் பிழைச்சுது.

நீ கல்யாணத்துக்கு வரும்போது அந்த வீட்டில் எதையும் புகழாதே. இனி கொடுக்கல் வாங்கலில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதை எழுதி முடித்தபோது சம்பந்தியம்மா வந்தாங்க. நீ தந்த சாய்வு நாற்காலியைத் தடவிப் பார்த்து 'அழகா இருக்கு'ன்னாங்க. நான் படிச்சதைக் காட்டுற ஆசையில, நெஞ்சில் கைவைத்து, 'உங்களுடையது'ன்னு சொல்லிட்டேன். மறுத்தா என் மனசு நோகுமாம், டாக்ஸி வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. இதைத் தரையில் உட்கார்ந்துதான் எழுதறேன். திருப்பிக் கொடுக்கிறதுக்கு வார்த்தை படிச்சேன், திருப்பிக் கேக்கிறதுக்கு இன்னும் படிக்கலை.