நாலாம் பாகத்தில் சொல்லியிருக்கிறார்

மேற்கோள்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. பறவைகள் குளிருக்கு அஞ்சித் தெற்கே பறக்கும். இவர்கள் தெற்கிலிருந்து வந்து குளிரில் பெருகியவர்கள். கனடாவின் ஸ்காபரோவில் எந்த மண்டபத்தில் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டாலும் அங்கே இவர்களில் ஒருவராவது இருப்பார் என்று நம்பலாம். அடையாளம் காண்பதும் சுலபம். தன் கருத்தைத் தன் வாயால் சொல்லமாட்டார். வெளியே பனி கொட்டுகிறது என்பதற்குக்கூட, செத்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலான யாராவது ஒரு பெரியவரைச் சாட்சிக்கு எழுப்பிக்கொண்டு வருவார். அவர் எழும்பி வருவதற்குள் நாம் விறைத்துவிடுவோம்.

ஒவ்வொரு மேற்கோள்காரருக்கும் ஒரு பெரியவர் உண்டு. சிலருக்குக் கிரேக்கர், சிலருக்கு ரஷ்யர். நாம் இங்கே பார்க்கப்போகும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வாய்த்தவர் அமெரிக்கர். அமெரிக்கா குடியரசான புதிதில் அரசியலில் இருந்தவர். ஊருக்கொரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அலைந்து ஒரு கல்லூரியையும் கட்டியவர். மிச்சமிருந்த நேரமெல்லாம் எழுதித் தள்ளியவர். பேச்சு, கடிதம், கல்விக் கட்டுரை எல்லாம் சேர்ந்து ஆறு பாகம். அவருடைய பெயரை இங்கே சொல்வதாக இல்லை. சொன்னால் வருகிற சனிக்கிழமையே அதை எங்காவது மேடையில் பாவித்துவிடுவீர்கள்.

அஜின்கோர்ட்டில் ஒரு நூலகம் பழைய புத்தகங்களைக் கழித்து விற்றபோது ஸ்ரீஸ்கந்தராசா இந்தப் பாகங்களை வாங்கினார். கபில நிறத் துணி அட்டை, முதுகில் பொன்னெழுத்து. வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் இருந்த தேநீர்க் கோப்பைகள் குசினி அடுப்படிக்குப் போயின. அமெரிக்கர் அலுமாரிக்குள் குடிவந்தார். ஆனால் நாலாம் பாகம் மட்டும் இல்லை. யாரோ இரவல் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறொருவர் என்றால் இதைக் குறையாக நினைத்திருப்பார். ஸ்ரீஸ்கந்தராசா வசதியாக்கிக்கொண்டார். இருக்கிற பாகத்திலிருந்து ஒன்றைச் சொன்னால் யாராவது எடுத்துப் பார்க்கக்கூடும். இல்லாத பாகத்தை யார் புரட்டுவது?

ஆகவே எல்லாம் நாலாம் பாகத்திலிருந்தே வந்தன. சாமத்திய வீட்டில் பூப்பெய்திய பிள்ளை மணவறையில் வியர்த்துக்கொண்டிருக்க, படம் பிடிக்கிறவர் கை நோவெடுத்துக் கமராவை இறக்கி வைக்க, பின் வரிசையில் குழந்தைகள் பசியில் அழத் தொடங்க, சாப்பாட்டுக்காரர் சோற்றுப் பானையை இரண்டாம் தடவை திறந்து ஆறிவிட்டதா என்று விரல் வைத்துப் பார்க்க, இவர் மேடையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். திரும்பப் போடுவார். "இருநூறு வருசத்துக்கு முன்னம் ஒரு மனிதர் இருந்தார்" என்பார். அதோடு சோறு போயிற்று. பிறந்தநாளில் அமெரிக்கர். பொங்கல் விழாவில் அமெரிக்கர். ஒருமுறை செத்தவீட்டில், பிரேதத்தை வைத்துக்கொண்டு, ஆரம்பக் கல்வியின் அவசியம் பற்றியும் அமெரிக்கர் பேசினார். செத்தவருக்கு எழுபத்தெட்டு வயது.

இப்படிப் பேசிப் பேசி அவருக்கு 'மாஸ்டர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் ஒருநாளும் படிப்பித்தவரல்லர். ஊரில் கந்தோரில் மேசை வேலை, இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். படிப்பித்தவள் அவருடைய மனைவி யோகமலர். யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். அவளை யாரும் ரீச்சர் என்று கூப்பிடுவதில்லை. இங்கே அவள் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் நின்றபடி பணிஸ்களைப் பையில் போடுகிறாள். போடுகிறவளுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

ஆனால் அந்த வீட்டில் அமெரிக்கரைத் திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். தூசி தட்டும்போது இரண்டாம் பாகத்தைக் கையில் எடுத்தவள் நின்றபடியே சில பக்கங்களை வாசித்தாள். ஆங்கிலம் பழையதாக இருந்தாலும் விஷயம் விளங்கியது. பள்ளிக்கூடத்துக்கு விறகு வந்து சேரவில்லை என்று அந்த மனிதர் யாருக்கோ கடிதம் எழுதியிருந்தார். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்காமல் எப்படி வாத்தியாரை வைத்திருப்பது என்று கோபப்பட்டிருந்தார். கூரை ஒழுகுகிறது என்றார். யோகமலருக்கு ஆச்சரியமாக இருந்தது. கணவரின் வாயில் வரும்போது கல்லில் செதுக்கிய சிலை மாதிரி நிற்கிறவர், இங்கே சளி பிடித்த தலைமை ஆசிரியர் மாதிரி இருந்தார். அந்தப் பக்கங்களில் அவர் யாரையும் மேற்கோள் காட்டவில்லை என்பதையும் அவள் கவனித்தாள்.

இப்போது யோகமலருக்கு ஒரு ஆசை வந்திருந்தது. கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பு. படித்து முடித்தால் டே கெயாரில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்யலாம். பணிஸிடமிருந்து பிள்ளைகளிடம் திரும்பிப் போக அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பேக்கரியில் கூட வேலை செய்யும் எமில்டா ஏற்கெனவே பதிந்துவிட்டாள். யோகமலருக்குத் தடையாக இருந்தவை இரண்டு கிழமைகள்: செவ்வாய், வியாழன். வகுப்பு அந்த நாட்களில். மகன் மிதுனனுக்கு எட்டு வயது. பின்னேரங்களில் யாராவது வீட்டில் இருக்கவேண்டும்.

"இஞ்சருங்கோ, வாற வெள்ளியோட பதிவு முடியுதாம்" என்றாள் சாப்பாட்டு நேரத்தில்.

"நல்ல விசயம். படிப்புக்கு வயசில்லை எண்டு அவர் நாலாம் பாகத்திலை வடிவாச் சொல்லியிருக்கிறார்."

"அப்ப பதியட்டே?"

"பதியலாம். ஏன் பதியக்கூடாது? ஆனா செவ்வாய் எனக்குச் சங்கத்துச் செயற்குழு. வியாழன் மலர்க்குழு. மிதுனனை ஆர் பாக்கிறது?"

"பெத்த தேப்பன் பாக்கலாம்."

ஸ்ரீஸ்கந்தராசா சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார்.

"வகுப்பிலை போய்க் குந்தினால்தான் கல்வி எண்டில்லை, யோகம். வீடுதான் முதல் பள்ளிக்கூடம் எண்டு..."

"நாலாம் பாகத்திலையோ?"

"ஓம். உமக்கெப்பிடித் தெரியும்?"

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் எமில்டா கேட்டாள். "என்னக்கா, மாஸ்டர் ஓமெண்டிட்டாரே? போன மாசம் எங்கடை ஹோலிலை பெண் கல்வி எண்டு என்ன பேச்சு! எனக்குக் கண்ணீர் வந்திட்டுது."

"எனக்கும் வந்தது" என்றாள் யோகமலர்.

வியாழன் பின்னேரம் மலர்க்குழு அவர்கள் வீட்டில் கூடியது. குழு என்றால் பெரிய கூட்டமில்லை. பழைய மாணவர் சங்கத் தலைவர் அருள்நாயகம் வந்திருந்தார். மகளிர் பிரிவுப் பொறுப்பாளர் பேபி அன்ரியும் வந்திருந்தார். மலர் என்பது ஆண்டு விழா முடிந்தபின் அச்சடிக்கும் தொகுப்பு. அதில் பாதி வாழ்த்துச் செய்தி, பாதி விளம்பரம். அன்றைக்கு மலரை விட்டுவிட்டு விழாவைப் பற்றித்தான் பேச்சு. சனிக்கிழமை சிறப்புரை ஸ்ரீஸ்கந்தராசா. பொருள், வேறென்ன, பெண் கல்வி.

"மாஸ்டர், அந்த அமெரிக்கனை ஒருக்கா இழுத்து விடுங்கோ" என்றார் பேபி அன்ரி. "போனமுறை சனம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது."

"இழுக்கிறதெண்டில்லை, அன்ரி. அவர் தானாய் வருவார்."

யோகமலர் தேநீரும் ரோல்ஸும் கொண்டுவந்தாள். குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நாளைக்கு வெள்ளி. தட்டத்தை மேசையில் வைத்தாள். கழற்றுவதற்கு அவளிடம் மூக்குக்கண்ணாடி இல்லை. ஆகையால் கையை மட்டும் சேலைத் தலைப்பில் துடைத்தாள். நிமிர்ந்தாள். கொஞ்சம் பொறுத்தாள்.

"நாலாம் பாகத்திலை அவர் சொன்ன அந்த வசனத்தையும் மறக்காமல் சொல்லுங்கோ, என்ன?"

"எந்த வசனம்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"அதுதான். 'தன் வீட்டுப் பெண்ணைப் படிக்க அனுப்பிவிட்டுத் தான் அடுப்படியில் நிற்காதவன், பெண் கல்வி பற்றி மேடையில் பேசக்கூடாது.' நீங்கள்தானே எனக்கு வாசிச்சுக் காட்டினது?"

அவருடைய முகத்தை யோகமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வாழ்க்கையின் அடுத்த பல வருடங்கள் அந்த முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அலுமாரியைப் பார்த்தார். அப்படி ஒரு வசனம் இல்லை என்று சொல்லலாம். சொன்னால், புத்தகத்தை எடுங்கோ பார்ப்போம் என்பார் பேபி அன்ரி. எடுப்பதற்குப் புத்தகம் இல்லை. புத்தகமே இல்லை என்றால் இத்தனை வருடம் எதிலிருந்து பேசினீர் என்ற கேள்வி வரும். வாயைத் திறந்தார். மூடினார்.

அந்த இடைவெளியில் புகுந்தவர் தலைவர்தான். தனக்குத் தெரியாத வசனம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அருள்நாயகத்தால் ஒருநாளும் தாங்க முடிந்ததில்லை.

"ஓமோம்! அருமையான வசனம்" என்றார், ரோல்ஸை மென்றபடி. "நானும் வாசிச்சிருக்கிறன். இங்கிலிஷிலை இன்னும் வடிவு."

பேபி அன்ரி கையைத் தட்டினார். "அப்ப யோகமலர், நீரும் படிக்கிறீரோ?"

"நாளைக்குப் பதியப்போறன், அன்ரி. செவ்வாயும் வியாழனும்."

"பாத்தீங்களே! மாஸ்டர் சொல்லுறதைச் செய்யிற ஆள். அந்த ரெண்டு நாளும் சமையல் அவர்தான் போல."

"செயற்குழுவையும் மலர்க்குழுவையும் ஞாயிறுக்கு மாத்துவம்" என்றார் அருள்நாயகம், பெருந்தன்மையோடு.

ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார். "சொல்லுறது சுகம்" என்றார் மெதுவாக. "செய்து காட்டவேணும்."

வந்தவர்கள் போனபின் அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"யோகம், அந்த வசனம் எந்தப் பக்கத்திலை?"

"ஏன், நீங்கள் வாசிக்கேல்லையே?"

"வாசிச்சனான். பக்கம்தான் நினைவில்லை."

"எனக்கும் நினைவில்லை."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தம்பதியர் இவ்வளவு நெருக்கமாக இருந்து வெகுகாலம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் யோகமலர் பஸ் எடுத்துப் போய்ப் பதிந்தாள். சனிக்கிழமை அவர் அந்த வசனத்தைச் சொன்னார். வாழ்க்கையிலேயே அவருக்குக் கிடைத்த பெரிய கைதட்டு அது; பெண்கள் பக்கத்தில் தொடங்கி, வேறு வழியில்லாமல் ஆண்கள் பக்கத்துக்கும் பரவியது. செவ்வாய்க்கிழமை மாலை அவர் அடுப்பின் முன் நின்றார்.

"அப்பா, வை இஸ் த பருப்பு பிளாக்?" என்று கேட்டான் மிதுனன்.

"முயற்சிதான் பெரிசு எண்டு நாலாம் பாகத்திலை..."

"ஐ ஆம் ஸ்ரில் ஹங்ரி."

வசனம் அதோடு நிற்கவில்லை. மலரில் கட்டம் போட்டு, அமெரிக்கரின் படம் என்று யாரோ ஒரு தாடிக்காரரின் படத்தையும் போட்டு அச்சடித்தார்கள். ஒஷாவாவில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா அதைத் தன்னுடைய வாழ்த்துரையில் சொன்னார். தன்னிடம் நாலாம் பாகம் இருப்பதாகவும் சொன்னார். பின்வரிசையில் இருந்த யோகமலர், தன்னை அறியாமல், எவ்வளவு ஆழமான வசனம் என்று தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

அவளைப் பரிதாபமாகவோ உத்தமியாகவோ நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை பலித்த வித்தையை யார் கைவிடுவார்? அடுத்த மாதம், உடுப்புக் கூடையை அடித்தளத்துச் சலவை அறைக்குக் கொண்டுபோவது யாருடைய வேலை என்று ஒரு பேச்சு வந்தபோது, அமெரிக்கர் அதைப் பற்றியும் ஏதோ எழுதியிருப்பதாக அவள் சொன்னாள். ஸ்ரீஸ்கந்தராசா எதிர்க்கேள்வி கேட்காமல் கூடையைத் தூக்கினார். இனம் இப்படித்தான் பெருகுகிறது. ஆனால் வகுப்பில் அவள் ஒரு நாளும் நாலாம் பாகம் என்று வாய் திறந்ததில்லை. அங்கே உண்மையாகவே படிக்கவேண்டியிருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அருள்நாயகம் நானும் வாசிச்சிருக்கிறன் என்றபோது, அந்த வசனத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று உங்களுக்கும் ஒரு கணம் தோன்றவில்லையா? இதை மூடி வைத்ததும் யாருக்காவது போன் எடுத்து, "ஒரு அமெரிக்கர் சொன்னவராம்..." என்று தொடங்கத்தான் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், யோகமலருக்கு ஆட்சேபனை இல்லை. சொல்லும்போது உங்கள் மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். எந்தப் பாகம் என்று அவர் கேட்கமாட்டார். எந்தக் கிழமை என்று கேட்பார்.